ரிச்சி தெருவில் வாங்கிய 25 எழுத்து

கும்பகோணத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் 2009இலிருந்து டிடிபி கடை வைத்திருக்கிறேன். அஃபிடவிட், வக்காலத்து, கிரயப் பத்திர வரைவு, பட்டா மாறுதல் மனு, நடுநடுவே காதுகுத்துப் பத்திரிகை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தால் பத்து மணிக்குள் நாலைந்து குமாஸ்தாக்கள் வாசலில் நிற்பார்கள். 2019 ஆகஸ்டில் அப்படி ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் எல்லாம் வெள்ளைத் தாளாக நின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் நான் பார்த்தே இராத நாலெழுத்து வால். எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் புதிதாக ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் இருந்தது. அது திறந்தது. உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கேட்டால் 490 டாலர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பத்து வருஷ வேலை அதில் இருந்தது. ஒரு வக்கீலுக்கு அடித்துக் கொடுத்த பாகப்பிரிவினை வழக்கின் பிராது, நாற்பது பக்கம், மறுநாள் தாக்கல் செய்ய வேண்டியது. அவரிடம் விஷயத்தைச் சொல்லும்போது எனக்கு நாக்கு புரளவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பழைய பிரிண்ட் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, "அடிம்மா, நான் வாசிக்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ராத்திரி பதினொரு மணி ஆயிற்று.

எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற மங்கலான எழுத்து வந்து நின்றது. வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி ஊரில் இல்லை. அந்த எழுத்தைப் போக்க அவர் எப்போதும் ஓட்டும் ஆக்டிவேட்டர் என்ற புரோகிராமின் பெயர் எனக்குத் தெரியும் என்பதால் நானே தேடி இறக்கினேன். ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினேன். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டது நான்தான்.

கடையில் அசெம்பிள் செய்து வாங்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குத் தனியாகக் காசு என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மாதிரி அதுவும் கூடவே வரும் சாமான். எக்ஸ்பி அப்படித்தான் வந்தது, செவன் அப்படித்தான் வந்தது, டென்னும் அப்படித்தான். கொட்டேஷனில் அதற்கென்று ஒரு வரி இருக்காது. நானும் கேட்டதில்லை.

தம்பி வந்ததும் முதல் வேலையாக எனக்கு ஒன்றைக் காட்டினார். இன்றைக்கும் யார் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது அதைத்தான். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்தெழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு டி, எல், ஐ. எண்டர் தட்டிக் கொஞ்சம் பொறுத்தால் உங்கள் விண்டோஸ் எந்த வழியாக உங்களிடம் வந்தது என்பதை அது சொல்லிவிடும். என் மெஷினில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்று வந்தது.

அதற்கு அர்த்தம் இது. பெரிய கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். அங்குள்ள கம்ப்யூட்டர்கள் மைக்ரோசாஃப்டிடம் போகாமல் அந்த சர்வரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளும். குறைந்தது 25 கம்ப்யூட்டர் இருந்தால்தான் அந்த சர்வர் அனுமதி கொடுக்கவே தொடங்கும். கொடுத்த அனுமதி 180 நாளைக்குத்தான், அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவேட்டர் செய்வதெல்லாம் அப்படி ஒரு சர்வர் இருப்பதுபோல நம் மெஷினுக்குள்ளேயே ஒரு வேஷம் கட்டுவதுதான். வேஷம் கலைந்தால் மூலையில் எழுத்து வரும், மறுபடி வேஷம் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் கடைக்குள் முகம் தெரியாத ஒரு புரோகிராமை, காவலை நிறுத்திவிட்டு, நானே அழைத்து உட்கார வைத்திருக்கிறேன். அதன் கூட வேறு எது வந்தது என்று பார்க்க என்னிடம் எந்த வழியும் இல்லை.

இனி அந்த வேலை வேண்டாம், ஒரிஜினல் போடு என்றேன். இங்கேதான் இரண்டாவது தப்பு நடந்தது. இணையத்தில் ஒரு விற்பனைப் பக்கத்தில் விண்டோஸ் டென் ப்ரோ 'ஒரிஜினல், லைஃப்டைம்' என்று 649 ரூபாய்க்கு இருந்தது. பணம் கட்டி அரை மணி நேரத்தில் மெயிலில் 25 எழுத்தில் ஒரு கீ, விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் சாவி, வந்தது. பில் வரவில்லை. அடித்தேன், ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஒரிஜினல் வாங்கிவிட்டேன் என்று அந்த வக்கீல் சாரிடம் போய்ச் சொன்னேன்கூட.

தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் அந்த மங்கல் எழுத்து திரும்ப வந்தது. சாய்கோடு டி எல் ஐ அடித்துப் பார்த்தேன். இந்தத் தடவை 'வால்யூம் எம்ஏகே' என்றது. வாங்கிய அன்றே இதைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதுவும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிற சாவிதான். ஒரே கீ, இத்தனை கம்ப்யூட்டர் வரை போடலாம் என்று ஒரு கணக்கு. எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்ததை யாரோ வெளியே எடுத்து ஆளுக்கு ஆள் விற்றிருக்கிறார்கள். கணக்குக்கு மேலே போனாலோ, வெளியே கசிந்தது தெரிந்தாலோ அந்தக் கீயை முடக்கிவிடுவார்கள். விற்றவருக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. அந்த விற்பனைப் பக்கத்தையே காணோம். பில் இல்லாததால் யாரிடம் போய்க் கேட்பது?

649 ரூபாய் போனதைவிட எனக்கு வலித்தது, அந்த ஐந்து மாதமும் நான் நேர்மையாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்ததுதான். வக்கீல் சார் அலமாரியிலிருந்து பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்தார். 1957ஆம் வருஷச் சட்டம், 63பி பிரிவு. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். சம்பாத்தியத்துக்காகச் செய்யவில்லை என்றால் கோர்ட் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. "நீ கடை வச்சிருக்கம்மா. அந்தக் கதவு உனக்கு இல்லை" என்றார். தினமும் சத்தியப் பிரமாண வாக்குமூலம் அடித்துப் பிழைக்கிறவள் நான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். என் அக்கா பையன் ஒரு வாரம் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். தமிழ் யூனிகோட் அழகாக வந்தது, லிப்ரே ஆபீஸில் மனு அடிப்பதில் குறையே இல்லை. புதிதாகக் கடை போடுகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். பைசா செலவில்லை, பொய்யும் இல்லை. ஆனால் என் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய விண்டோஸ் மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்தில் கிடந்தன. ஒரு பென்டிரைவில் தப்பியிருந்தவை அவைதான். அவற்றை விட என்னால் முடியவில்லை. அப்படியென்றால் விண்டோஸைக் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவது ஒன்றுதான் பாக்கி.

2020 ஜனவரி கடைசியில் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலை எழும்பூரில் இறங்கினேன். சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் குவிந்திருக்கும் ரிச்சி தெருவுக்கு அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். பத்தரை வரை பல கடைகளில் ஷட்டர் ஏறவில்லை. ரிச்சி தெரு என்று நாம் சொல்வது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அண்ணா சாலைக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும் சந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதே பேர்தான். தெரியாத ஆளாக நின்றால் நாலு பேர் "என்னக்கா வேணும்?" என்று கூப்பிடுவார்கள்.

முதல் கடையில் விண்டோஸ் ஒரிஜினல் வேண்டும் என்றதும், "கீ மட்டும் போதுமா? எழுநூறு ரூபாய்" என்றார்கள். வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் மெல்லிசான ஓர் உறையை எடுத்து நீட்டினார்கள். உள்ளே டிவிடி, மேலே ஸ்டிக்கர். விலையும் பரவாயில்லை. பில் போடுவீர்களா என்றேன், போடுகிறோம் என்றார்கள். வாங்கிவிடும் நிலைமைதான். அந்த உறையின் மேல் சின்ன எழுத்தில் 'ஓஇஎம்' என்று இருந்தது. அதென்ன என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில் வந்தது. எல்லாம் ஒண்ணுதான் என்று சொல்கிற இடத்தில் வாங்க வேண்டாம் என்று தோன்றியது.

மூன்றாவது கடை மாடியில். வயதானவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். விண்டோஸ் என்று சொன்னதும் அவர் என்னிடம் விலையைச் சொல்லவில்லை. "போர்டு வாங்கி எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்று கேட்டார்.

"ஆறு வருஷம் இருக்கும் சார்."

"அப்போ ஓஇஎம் வாங்காதீங்க. அது போர்டோட கட்டிப்போட்ட மாடு. போர்டு செத்தா லைசன்ஸும் அதோட போச்சு. உங்க போர்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓடினா பெரிசு. ரீடெய்ல் வாங்குங்க. ரெண்டாயிரம் ரூபாய் கூட ஆகும். ஆனா நாளைக்கு மெஷின் மாத்தினாலும் உங்க கூடவே வரும்."

அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் மறக்கமாட்டேன். கடைக்காரர் லாபம் குறைந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது. பிறகு அவரே விளக்கினார். ஓஇஎம் என்பது கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து விற்கிறவர்களுக்காக உள்ள உரிமம். முதலில் எந்த மதர்போர்டில் ஏறுகிறதோ அதோடு அதன் ஆயுள் சேர்ந்துவிடும். ராமை மாற்றலாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம், அதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது. போர்டை மாற்றினால் அது வேறு கம்ப்யூட்டர். ஏதாவது கோளாறு என்றால் உதவி செய்ய வேண்டியதும் அசெம்பிள் செய்து விற்றவர்தான். ரீடெய்ல் என்பதைக் கடைக்காரர்கள் 'எஃப்பிபி' என்பார்கள், முழுப் பெட்டி என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் போடலாம். பழையதிலிருந்து எடுத்துவிட்டால் புதியதில் போட்டுக்கொள்ளலாம்.

ஹோமா ப்ரோவா என்று அடுத்த கேள்வி. திருட்டுப் பதிப்பில் எல்லோருக்கும் ப்ரோவே போட்டுப் பழகியதால் ஹோம் என்றால் ஏதோ வீட்டுக் குழந்தைகளுக்கு என்று நினைத்திருந்தேன். டிஸ்க் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர், வெளியிலிருந்து உள்ளே வரும் ரிமோட் டெஸ்க்டாப், அலுவலக டொமைனில் சேரும் வசதி, இவைதான் ப்ரோவில் கூடுதல். இரண்டு மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர் வைத்திருக்கிற எனக்கு இதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஹோம் எடுத்தேன். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்தை ஒட்டி ஆயிற்று.

பெட்டியைக் கையில் வாங்கியதும் சீல் உடையாமல் இருக்கிறதா, 'ஹோம்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். உடைத்த பெட்டியைத் திருப்பி வாங்கமாட்டார்கள், அது நியாயம்தான். உள்ளே இருக்கும் எண் வெளியே போய்விட்டால் அதை எப்படித் திரும்ப வாங்குவது? பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், 18 சதவீத வரி தனி வரியாக, பொருள் விவரத்தில் ரீடெய்ல் என்ற சொல், மூன்றையும் கேட்டு எழுதி வாங்கினேன். மூன்றாவது முக்கியம். வெறுமனே 'விண்டோஸ் 10' என்று இருந்தால் நாளைக்கு நீங்கள் வாங்கியது எது என்று நிரூபிக்க முடியாது.

ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் கட்டைவிரல் அளவு ஒரு யூஎஸ்பி, ஒரு சின்ன அட்டை. அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் "இதுக்கா ஒன்பதாயிரம்?" என்று கேட்டார். யூஎஸ்பியில் இருக்கும் சாமான் யார் வேண்டுமானாலும் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் போட்டுக்கொள்ளக் கூடியது. தொலைந்தாலும் நஷ்டமில்லை. ஒன்பதாயிரமும் அந்த அட்டையில் உள்ள 25 எழுத்துக்குத்தான். அதை போட்டோ எடுத்து யாருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள், கம்ப்யூட்டர் பார்க்க வருகிற தம்பிக்குக்கூட.

அடிக்கும்போது கண் கூசுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஐந்தைந்தாக ஐந்து கட்டமாக இருக்கும் அந்த எழுத்துகளில் ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட வராது. பூஜ்யம் வராது, 1 வராது, 5 வராது, எல், எஸ், இசட் வராது. கண் ஏமாறும் ஜோடிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். 8, பி மாதிரி ஒன்றிரண்டு ஜோடி மட்டும் உண்டு. தப்பு வந்தால் அங்கேதான் பாருங்கள்.

கீயை அடித்ததும் ஏற்கவில்லை. கொஞ்ச நேரம் திக்கென்று இருந்தது. காரணம், மெஷினில் கிடந்தது ப்ரோ, என்னிடம் இருந்தது ஹோம் கீ. இரண்டும் வேறு வேறு பூட்டு. வேண்டியதை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, ஹோமைப் புதிதாகப் போட்டோம். எப்படியும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆக்டிவேட்டர் ஓடிய வீட்டில் மேலே வெள்ளையடித்தால் போதாது. பெட்டியில் 32 பிட், 64 பிட் இரண்டும் இருந்தன, 64 போட்டோம். அதனால் ஒரு பழைய தமிழ் எழுத்து மாற்றி ஓடாமல் போயிற்று. 16 பிட் காலத்துப் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. பழைய மென்பொருளை நம்பிப் பிழைக்கும் டிடிபிக்காரர்கள் இதை முன்னாலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பேஜ்மேக்கர் ஓடியது, பாமினி வந்தது, தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டரில் டைப்ரைட்டர் விசைப்பலகை கை பழகியபடியே வந்தது.

எல்லாம் முடிந்து டி எல் ஐ அடித்தேன். 'ரீடெய்ல் சேனல்' என்று வந்தது. மூன்றாவது தடவையாக அந்தக் கட்டம், மூன்றாவது பதில். அதை ஒரு பிரிண்ட் எடுத்து பில்லோடு பின் அடித்து, வீட்டு வரி ரசீது இருக்கும் பையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷத்துக்கு மேல் விண்டோஸைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. கொரோனாவில் கடை மூடியது, திறந்தது. அப்டேட் தானாக வந்தது, தானாகப் போட்டுக்கொண்டது. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வான்னாக்ரை நினைவிருக்கும். அதற்கான தடுப்பு அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சிலேயே அப்டேட்டாக வந்துவிட்டது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களும், அப்டேட் வராத பழைய விண்டோஸில் இருந்தவர்களும்தான் மாட்டினார்கள். ஆக்டிவேஷன் போய்விடும் என்ற பயத்தில் நானும் வருஷக்கணக்காக நிறுத்தித்தான் வைத்திருந்தேன்.

2022 நவம்பரில் மழை. ஒரு சாயங்காலம் இடி விழுந்து தெருவில் மூன்று கடைக்கு டிவியும் மோடமும் போயின. என் மதர்போர்டு கருகியது. இன்னும் இரண்டு வருஷம் ஓடினால் பெரிசு என்று ரிச்சி தெருப் பெரியவர் சொன்ன போர்டு எட்டு வருஷத்தைத் தாண்டியிருந்தது. அதே டப்பாவில் 12ஆம் தலைமுறை ஐ3 போர்டு போட்டோம். டென் வாங்கியவர்களுக்கு லெவன் இலவசம், கணினி அதற்குத் தகுந்ததாக இருந்தால் போதும் என்பதால் நேராக விண்டோஸ் லெவன் ஹோமையே போட்டு, அட்டையில் இருந்த கீயை அடித்தேன்.

ஏற்கவில்லை. வேறு கம்ப்யூட்டரில் பயன்பாட்டில் இருக்கிறது என்றது. ரீடெய்ல் கீயை மாற்றும் முன் பழைய மெஷினில் அதை எடுத்துவிட வேண்டும், அதே ஐந்தெழுத்துக் கட்டளையோடு சாய்கோடு யூ பி கே போட்டால் எடுத்துவிடும். கருகிப்போன போர்டில் போய் எப்படி எடுப்பது? இதற்கென்றே ஒரு வழி உண்டு. லைசன்ஸை முன்பே ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் 'ஹார்டுவேர் மாற்றினேன்' என்று சொன்னால் பழைய மெஷினைக் காட்டி மாற்றிக் கொடுத்துவிடும். நான் இணைத்து வைக்கவில்லை. அன்றைக்கு மெயில் ஐடி எதற்கு என்று லோக்கல் கணக்கிலேயே விட்டுவிட்டேன். பெட்டி வாங்கியவர்கள் ஆக்டிவேட் ஆன அன்றைக்கே, அந்த உட்கார்ந்த இடத்திலேயே, இதைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

மிச்சம் இருந்தது போன். அதே சின்னக் கட்டத்தில் எஸ், எல், யூ, ஐ, இடைவெளி, 4 என்று அடித்ததும் நாட்டைக் கேட்டது. இந்தியா என்றதும் ஒரு இலவச எண்ணும், ஏழு ஏழு இலக்கமாக ஒன்பது கட்டமும் வந்தது. 63 இலக்கம். போனில் ஒரு இயந்திரக் குரல் கேட்கக் கேட்க அத்தனையும் அழுத்தினேன். நடுவில் ஒன்று தப்பி அந்தக் கட்டத்தை மறுபடி கேட்டது. கடைசியில், இந்த நகல் எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று கேட்டது. ஒன்று என்று அழுத்தினேன். உண்மை அதுதான். உண்மையைச் சொல்லிப் பதிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு நிமிஷம் இப்போதும் நினைவில் இருக்கிறது. பிறகு குரல் ஆறு ஆறாக எட்டுக் கட்டம், 48 இலக்கம் சொல்லத் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் அடித்தாள். 'விண்டோஸ் இஸ் ஆக்டிவேட்டட்' என்று வந்தபோது கடை வாசலில் மழை நின்றிருந்தது. அன்று ராத்திரியே கணக்கோடு இணைத்துவிட்டேன்.

ஓஇஎம் உறையை வாங்கியிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்பதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் பார்த்தேன். அவரும் நேர்மையாகக் காசு கொடுத்துத்தான் வாங்கினார், ஓஇஎம் பேக். விண்டோஸ் டென்னுக்கு 2025 அக்டோபர் 14ஓடு அப்டேட் நின்றுவிடும் என்ற செய்தி வந்ததும் என்னிடம் வந்தார். அவர் மெஷின் ஆறாம் தலைமுறை. லெவன் கேட்பது எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் பிராசசர், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. போர்டை மாற்றினால்தான் முடியும், மாற்றினால் அவருடைய லைசன்ஸ் பழைய போர்டோடே நின்றுவிடும். பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் வசதியில் அவர் மெஷினைச் சேர்த்துவிட்டிருக்கிறேன். அதற்குள் போர்டு, ரீடெய்ல் பெட்டி இரண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் ஒன்பதாயிரத்தைக் கணக்குப் பார்த்தேன். ஏறத்தாழ 70 மாதம், இரண்டு போர்டு, இரண்டு விண்டோஸ். மாதத்துக்கு 130 ரூபாய்கூட ஆகவில்லை.

பெட்டி வாங்கவே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். பேரன் படித்த லேப்டாப்பை இப்போது அவர் வைத்திருக்கிறார், 2019இல் வாங்கியது, மூலையில் அந்த மங்கல் எழுத்து. ஒரிஜினல் வாங்கிவிடலாம் என்று பன்னிரண்டாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். "நீ மெட்ராஸ் போறப்ப ஒரு பெட்டி வாங்கிட்டு வாம்மா" என்றார்.

லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். விண்டோஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கம்பெனி லேப்டாப்புகளில் விண்டோஸ் எட்டுக் காலத்திலிருந்தே கீயை மதர்போர்டுக்குள்ளேயே பதித்து அனுப்புகிறார்கள், வெளியே எங்கும் எழுதியிருக்காது. இவருடையதில் வந்தது நம் ஊர் லேப்டாப்புகளில் வழக்கமாக வரும் 'ஹோம் சிங்கிள் லாங்க்வேஜ்'. எப்போதோ ரிப்பேருக்குக் கொடுத்தபோது யாரோ ஃபார்மேட் அடித்து, கைப்பழக்கத்தில் திருட்டு ப்ரோவைப் போட்டுவிட்டார்கள். சொந்தச் சாவி போர்டுக்குள் கிடக்க, மேலே கள்ளப் பூட்டு தொங்கியது.

டி எல் ஐ அடித்துக் காட்டினேன். கேஎம்எஸ் என்று வந்தது. அவர் எழுதி வைத்திருந்த கவிதைகளையும் பேரனுடைய படங்களையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, சுத்தமாக அழித்து லெவன் போட்டேன். எந்தப் பதிப்பு என்று அது என்னைக் கேட்கவில்லை, கீயும் கேட்கவில்லை, போர்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டது. கடை வைஃபையில் சேர்த்து இரண்டு நிமிஷம் பொறுத்து ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்ததும் நின்றபடியே தன் பெயரை அடித்துப் பார்த்தார்.

"அப்போ இந்தப் பணம்?"

"உங்களதுதான் சார். லேப்டாப் வாங்கின அன்னிக்கே குடுத்துட்டீங்க."

கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து, அடுத்த வரியை அடிக்கத் தொடங்கினார்.